இரும்பு வற்றிய உடலில் காட்மியம் ஏறுவது எப்படி?

ஜப்பானின் டொயாமா மாநிலத்தில், ஜின்சு ஆற்றுப் படுகையை வதைத்த இட்டாய்-இட்டாய் என்ற எலும்பு நோயைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஒரே வயலின் அரிசியை வீட்டிலிருந்த அனைவரும் உண்டிருக்க, எலும்பு நொறுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பிள்ளைகளைப் பெற்ற, நடுவயது கடந்த பெண்களாக இருந்தது ஏன்? காமியோகா சுரங்கக் கழிவிலிருந்து ஆற்றுநீர் வழியே வயல்களுக்கு வந்த காட்மியம் என்ற நச்சு உலோகமே மூலகாரணம் என்று 1968-இல் ஏற்றுக்கொண்ட ஜப்பானிய அரசு, கருவுறுதலையும் பாலூட்டலையும் முதுமையையும் கால்சியக் குறைவையும் துணைக்காரணங்களாகக் குறிப்பிட்டது. இவற்றோடு இரும்புச்சத்துக் குறைவையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகும்.

காட்மியத்திற்கு நம் உடலில் எந்த வேலையும் இல்லை. ஆகவே அதற்கெனத் தனி வழியும் இல்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் இரும்பை உள்ளே கடத்தும் டிஎம்டி1 என்ற புரதம், அதே இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட காட்மியத்தையும் கடத்திவிடுகிறது.

அந்தப் புரதத்தின் அளவு கட்டுப்படுத்தப்படும் விதம் எனக்குத் தீராத வியப்பு. டிஎம்டி1-க்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் கொண்டை ஊசி போன்ற ஒரு வளைவு உண்டு. செல்லில் இரும்பு குறைந்தால், அதை உணரும் புரதமொன்று அந்த வளைவைப் பற்றிக்கொள்கிறது. பற்றியிருக்கும்வரை ஆர்என்ஏ எளிதில் சிதைவதில்லை என்பதால், அதைக் கொண்டு மேலும் மேலும் டிஎம்டி1 உருவாகிறது. இரும்பு போதிய அளவு வந்ததும் பிடி விலகி ஆர்என்ஏ சிதைகிறது. உணவிலுள்ள சொற்ப இரும்பையும் தவறவிடாமல் எடுப்பதற்காக அமைந்த இந்த அழகான ஏற்பாடு, அதே உணவில் காட்மியமும் இருந்தால் அதையும் கூடுதலாக உள்ளே எடுக்கிறது.

உண்ட காட்மியத்தில் வழக்கமாக நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உடலில் சேரும். இரும்பு இருப்பு வற்றிய பெண்களிடம் இது இருமடங்குக்கும் மேல் உயரக்கூடும். மாதவிடாயும் அடுத்தடுத்த பேறுகாலங்களும் அந்த இருப்பைக் கரைக்கின்றன. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அதற்குள் சத்துகளைச் சிறுநீரில் போகவிடாமல் மீட்கும் சிறுநீரக நுண்குழல்கள் கெட்டு, பாஸ்பேட்டும் கால்சியமும் சிறுநீரோடு வெளியேறி, எலும்பு மென்மையாகிவிடுகிறது.

சத்துக்குறைவைப் பேசும்போது பழியை உண்டவர்கள்மீது திருப்பிவிடக் கூடாது. 1971-இலும் மேல்முறையீட்டில் 1972-இலும் நீதிமன்றங்கள் சுரங்க நிறுவனத்தையே பொறுப்பாக்கின, அதுவே நியாயம். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டும் இந்தியாவில், மாசுபட்ட நிலங்களின் அரிசியையும் அதை உண்ணும் பெண்களின் இரும்பு இருப்பையும் ஒருசேர அளக்கும் ஆய்வுகளுக்கு அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். இரும்பு மாத்திரை இனி வரும் காட்மியத்தின் பங்கைக் குறைக்க உதவலாமே தவிர, சிறுநீரகத்தில் ஏற்கெனவே தங்கிவிட்டதை வெளியேற்றாது.