எட்டு டம்ளர் தண்ணீரும் சிறுநீரகத்தின் நுண்துளைகளும்

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் தண்ணீர் கட்டாயமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டாயம் இல்லை. 1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் பொருத்தமான அளவு என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைத்துவிடுகிறது என்றும் அங்கேயே சொல்லியிருந்தது. இரண்டாவது வாக்கியத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

வியர்வை, மூச்சு, சிறுநீர் என்று உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தின் உப்புச் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே போதும், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் சில நரம்புச் செல்கள் நீரை இழந்து சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் சமிக்ஞை. உடனே தாகம் எடுக்கும். கூடவே வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் கலக்கும்.

என்னை வியக்கவைப்பது இதற்கு அப்புறம் நடப்பதுதான். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி எப்படியும் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். மிச்சத்தை என்ன செய்வது என்பது கடைசிக் கட்டமான சேகரிப்புக் குழாயில் முடிவாகிறது. அதன் சுவரில் உள்ள செல்கள், அக்வாபோரின் என்ற புரதத் துளைகளைச் சிறு பைகளில் போட்டு உள்ளேயே வைத்திருக்கும். வாசோபிரஸ்ஸின் வந்து தொட்டதும் அந்தப் பைகள் நகர்ந்துபோய், சிறுநீர் ஓடும் பக்கத்துச் சவ்வோடு இணைகின்றன. துளைகள் வழியே நீர் உள்ளே பாய்ந்து உடலுக்குத் திரும்புகிறது, சிறுநீர் அடர்கிறது. ஹார்மோன் குறைந்தால் செல் அந்தத் துளைகளை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாமே சில நிமிட வேலை.

அந்தத் துளை எவ்வளவு குறுகல் தெரியுமா? நீர் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நுழைய முடியும். அப்படியும் ஒரு நொடியில் நூறு கோடிக்கும் மேல் கடந்துபோகின்றன! ஆனால் அவற்றைவிடச் சிறிய, அமிலத்தன்மை தரும் புரோட்டானுக்கு அனுமதி இல்லை. புரோட்டான்கள் கசிந்தால் செல்லின் அமிலச் சமநிலையே குலைந்துவிடும்.

இந்தத் துளையைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஆக்ரி தண்ணீரைத் தேடிப் போகவே இல்லை. ரத்தச் சிவப்பணுக்களில், ரத்த வகை பாசிட்டிவா நெகட்டிவா என்று தீர்மானிக்கும் ஆர்.எச். புரதத்தை ஆராய்ந்தபோது, அழையாத விருந்தாளியாக இன்னொரு புரதம் கூடவே வந்தது. அதை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முட்டைச் செல்களில் செலுத்தி, செறிவு குறைந்த நீரில் போட்டார்கள். அவை உப்பி வெடித்தன. ஆர்.என்.ஏ. செலுத்தாத முட்டைகள் அப்படியே இருந்தன. அந்த முடிவு 1992இல் வெளியானது. 2003இல் வேதியியல் நோபல் பரிசில் ஆக்ரிக்குப் பங்கு கிடைத்தது. "இந்த ஆராய்ச்சியால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு நிதியை மறுப்பவர்கள் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

நிறைய தண்ணீர் குடித்தால் உடலின் நச்செல்லாம் கழுவிப் போய்விடும் என்பதும் வெறும் நம்பிக்கை. சிறுநீர் நிறமற்றுப் போனால், உபரி நீர் வெளியேறுகிறது என்றுதான் பொருள். வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நெடுந்தூரம் ஓடுபவர்கள் அளவுமீறிக் குடித்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்து, மூளை வீங்கி இறந்ததும் உண்டு.

ஆரோக்கியமான பெரும்பாலோர் தாகத்தை நம்பலாம். முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடுவதால், அவர்கள் கேட்காவிட்டாலும் நாம்தான் அவ்வப்போது கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் கூடுதலாகக் குடிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ செயலிழந்தவர்களுக்கு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.