பழைய கேம்பர் ஒழுகுகிறதா? சிலிகானைத் தொடாதீர்கள்

மறுபடியும் அதே காட்சி. பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றி வைக்கும், படுத்துத் தங்கும் கூண்டான டிரக் கேம்பர் ஒன்று. ஓரப்பட்டை நெடுகச் சிலிகான், ஜன்னலைச் சுற்றிச் சிலிகான், போதாதென்று அதன் மேலும் ஒரு வரி சிலிகான். உள்ளே, டிரைவர் கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கையின் மெத்தையைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினால், ப்ளைவுட் நனைந்த அட்டை மாதிரி அமுங்குகிறது. "வெளியே எல்லாத்தையும் அடைச்சாச்சே, அப்புறம் எப்படி ஈரம்?" என்று கேள்வி வேறு. அப்படி அடைத்ததும் ஒரு காரணம்தான்.

டிரக் கேம்பரின் மூலைகளிலும் ஜன்னல் விளிம்பிலும் கூரை வென்ட்டிலும் (காற்றுப் போக்கியிலும்) தண்ணீரை முக்கியமாகத் தடுப்பது கண்ணுக்குத் தெரியும் அந்த வெளிக்கோடு அல்ல. உலோகப் பட்டைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் நாடா. பழைய வண்டிகளில் அந்த இடத்தில் களிமண் மாதிரி மெத்தென்ற புட்டி டேப் இருக்கும். வருடங்கள் போகப்போக அது காய்ந்து உதிர ஆரம்பிக்கும். பிக்கப் வண்டி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் மரச்சட்டம் முறுக்கிக்கொள்ள, இடைவெளி மயிரிழை மயிரிழையாக விரியும். ஓட்டை பட்டைக்குப் பின்னால், பூச்சு பட்டைக்கு முன்னால். பூச்சு ஒரே ஒரு இடத்தில் உரிந்தால்கூடத் தண்ணீர் நுழைந்துவிடும். நுழைந்தது வெளியேறவோ காயவோ வழியில்லை, மிச்ச இடத்தையெல்லாம்தான் அடைத்தாயிற்றே.

காய்ந்த சிலிகான் மேல் பெயின்ட் ஒட்டாது, வேறு சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) ஒட்டாது, புதுச் சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. வினிகர் வாடை அடிக்கும் வகை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அலுமினியத் தகட்டுக்கு அது ஆகாது. அடுத்து பழுதுபார்க்க வருகிறவர் பட்டையை மாற்றும் நேரத்தைவிட அதைச் சுரண்டும் நேரமே அதிகம். இன்னும் சிலர் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் இருக்கும் சின்னத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அவை வடிகால் துளைகள். அடைத்தால் சட்டத்தில் தேங்கும் மழைநீர் உள்பக்கம் வழியும். தயவுசெய்து அவற்றை விட்டுவிடுங்கள்.

ஈரம் தெரியும் இடத்தில்தான் ஒழுகுகிறது என்றும் முடிவு கட்டாதீர்கள். கூரை ஓரத்தில் நுழைந்த தண்ணீர் சட்டம் வழியே ஓடி, படுக்கையின் முன்மூலையில் போய் நிற்கும். நிறுத்தி வைத்தால் ஒழுகாமல், மழையில் ஓட்டினால் மட்டும் ஒழுகினால், முன்நெற்றியில் வரிசையாக இருக்கும் மார்க்கர் விளக்குகளையும் முன் ஜன்னலையும் முதலில் சந்தேகப்படுங்கள். எதிர்காற்று தண்ணீரை அங்கேதான் உள்ளே தள்ளும். மழையே இல்லாமல் ஈரம் வந்தால் கூரையில் ஏற வேண்டாம். பம்ப், குழாய் இணைப்பு, தண்ணீர்த் தொட்டி, இல்லையென்றால் குளிரில் மெத்தைக்கு அடியில் நீராகப் படியும் மூச்சு ஈரம்.

சோதனைக்குத் தோட்டத்து ஹோஸ் போதும். பிரஷர் வாஷர் நல்ல சீலையும் பிய்த்துவிடும். கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 10 நிமிடமாவது விட்டு, மேலே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்து, எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். இதைவிட நல்ல வழி: கேஸை மூடி, எரியும் சுடர் எல்லாவற்றையும் அணைத்து, வென்ட்களை அடைத்து, ஒரு கூரை வென்ட்டில் மட்டும் காற்று உள்ளே போகிற மாதிரி ஃபேனைப் பொருத்துங்கள். வெளியே மூட்டுகள் மீது சோப்பு நீர் தெளித்தால், காற்று கசியும் இடத்தில் குமிழி கிளம்பும்.

ஈரமானி வாங்குங்கள், ஊசி வகை. மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் பட்டையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கழற்றுவது கஷ்டமில்லை. பேட்டரி, வெளி மின்சாரம் இரண்டையும் துண்டித்துவிட்டு, திருகுகளை மறைக்கும் வினைல் பட்டையை உருவி, திருகுகளை எடுத்து, ஓரப்பட்டையை மெதுவாக நெம்புங்கள். பழைய புட்டியைப் பிளாஸ்டிக் ஸ்க்ராப்பரால் முழுக்கச் சுரண்டி, ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் கூரையில் பெட்ரோல், தின்னர் வேண்டாம், இ.பி.டி.எம். என்ற கூரை ரப்பர் ஊதிப் புடைத்துவிடும். திருகின் நிறத்தைப் பாருங்கள்: துருப்பிடித்த திருகு வருமிடத்தில் தண்ணீரும் வந்திருக்கிறது. பிறகு 3 மி.மீ. தடிமன் பியூட்டைல் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டி (ஜன்னலில் டேப்பின் இணைப்பு அடிப்பக்கம் வரட்டும்), துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளால் சீராக முடுக்குங்கள். ஓரமெல்லாம் டேப் பிதுங்க வேண்டும். ஒரு நாள் விட்டு மறுபடி முடுக்கி, பிதுங்கியதை வெட்டுங்கள். சமதளக் கூரையில் திருகுத் தலைகள் மேல் தானாகப் பரவும் சீலன்ட். சுவரில் வழியாத வகை. மாற்றிப் போட்டால் சுவரில் வழிந்து நிற்கும்.

மரம் மக்கியிருந்தால் நல்ல கட்டை வரும்வரை வெட்டி எடுங்கள். அதன் மேல் பிசின் பூசி மூடுவது அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவதுதான். ஃபேனும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்து, ஈரமானி 15-க்குக் கீழே காட்டும்வரை மூடாதீர்கள். வாரக்கணக்கில் ஆகலாம். பூஞ்சணம் பிடித்த பலகையைக் கிளறும்போது என்95 முகக்கவசம்.

கடைசியாக ஜாக், அதாவது கேம்பரை பிக்கப்பிலிருந்து தூக்கி நிறுத்தும் கால்கள். நான்கு மூலையிலும் கேம்பரின் முழு எடையையும் தாங்கும் ஜாக் பிராக்கெட்டுகள் (பிடிப்புத் தகடுகள்) பல வண்டிகளில் மரத்தில்தான் திருகப்பட்டிருக்கும். மூலைப்பட்டை வழியே கசியும் தண்ணீர் நேராக அந்த மரத்துக்குத்தான் போகும். கேம்பரைத் தூக்கும் முன் பிராக்கெட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள், சுற்றியுள்ள தகடு உள்வாங்கியிருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் பிக்கப்பிலிருந்து இறக்காதீர்கள், ஏற்கனவே தூக்கியிருந்தால் அடியில் குனியாதீர்கள்.