கணக்கு வராத பிள்ளைக்கு எந்த பி.எஸ்சி.?

கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு தொடங்கிவிட்டால் எங்கள் வேதியியல் துறைக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்கும் கேள்வி இதுதான்: "சார், பிள்ளைக்கு கணக்கு வராது. கணக்கு இல்லாத டிகிரியா பார்த்து சொல்லுங்க." பிள்ளை பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். அந்தப் பிள்ளைக்காகவும் அதைப் போன்ற மற்ற பிள்ளைகளுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கே தொடாத அறிவியல் பட்டப்படிப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படிப்பிலும் வரும் கணக்கு வேறு வேறு. அதனால் நான் முதலில் கேட்பது, "எந்தக் கணக்கு வராது?" என்றுதான். பெரும்பாலான பிள்ளைகளிடம் இதை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஒரு பெண்ணுக்கு முக்கோணவியலும் தொகையிடலும்தான் பயம், விகிதமும் சதவீதமும் மனதிலேயே போடுவாள். இன்னொரு பையன் பிளஸ் டூ கணிதத்தில் நல்ல மார்க் வாங்கியிருப்பான். புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகளை மனப்பாடம் செய்து வாங்கிய மார்க் அது. பின்னத்தை வகுக்கச் சொன்னால் திணறுவான். இந்த இருவருக்கும் ஒரே படிப்பைப் பரிந்துரைக்க முடியாது. மார்க் ஷீட்டை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

நான் ஒரு சின்னக் கேள்வி கொடுப்பேன். 5 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) அமிலம் இருக்கிறது, அதிலிருந்து 0.5 மோலார் கரைசல் 100 மி.லி. வேண்டும், எவ்வளவு அமிலம் எடுப்பாய்? பத்து மடங்கு நீர்க்க வேண்டும், ஆகவே 10 மி.லி. என்று நிறைய பேர் சரியாகவே சொல்லிவிடுவார்கள். "சரி, தண்ணீர் எவ்வளவு?" என்று அடுத்துக் கேட்பேன். "100 மி.லி. சார்" என்பார்கள். அப்படிச் செய்தால் மொத்தம் 110 மி.லி. ஆகிவிடும், செறிவு கிட்டத்தட்ட 0.45-க்கு இறங்கிவிடும். கொஞ்சம் தண்ணீரில் அமிலத்தை மெதுவாக விட்டு, பிறகு மொத்தம் 100 வரும்வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். இதை ஒருமுறை விளக்கியதும் "ஓ, ஆமா சார்" என்று முகம் மலர்கிற பிள்ளைக்கு ஆய்வகத்தில் வேண்டிய கணக்கு வரும். அந்தப் பிள்ளை கணக்கில் வீக் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது என் சொந்தத் துறையைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பியூர் சயின்ஸ் குரூப் (கணிதம் இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்) படித்த பிள்ளைகள் வேதியியலுக்கு ஆசைப்பட்டு வருகிறார்கள். அவர்கள் கணிதத்தைத் தனிப் பாடமாகக் கடைசியாகப் படித்தது பத்தாம் வகுப்பில். இடையில் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் வகையிடலும் தொகையிடலும் சில பக்கங்கள் வந்து போயிருக்கும், அவ்வளவுதான். பி.எஸ்சி. வேதியியலிலோ பல பல்கலைக்கழகங்களில் கணிதம் அலைடு பாடம், அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்க வேண்டிய துணைப்பாடம். அணிகள், கெய்லி–ஹாமில்டன் தேற்றம், ஃபூரியர் தொடர், லாப்லாஸ் உருமாற்றம் என்று போகும். மேஜர் தாள் எல்லாவற்றிலும் நல்ல மார்க் எடுத்த மாணவி, அலைடு கணித அரியர் ஒன்றே ஒன்றால் பட்டம் வாங்க முடியாமல், எம்.எஸ்சி. விண்ணப்பமும் போட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது. அவளுக்கு வேதியியல் நன்றாகவே வரும். சேரும் முன்பு இப்படி ஒரு தாள் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

சில கல்லூரிகளில் கணிதத்துக்குப் பதில் விலங்கியலையோ தாவரவியலையோ அலைடாக எடுக்க வழி உண்டு. ஒரே பட்டம், ஆனால் உள்ளே இருக்கும் படிப்பு வேறு. ஆகவே பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். இயற்பியல் வேதியியல் தாளில் மடக்கையும் வகையிடலும் எப்படியும் வரும். ஆனால் அதற்கு வேண்டியது கொஞ்சம்தான், வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இயற்பியல், புள்ளியியல் பக்கம் போக நினைப்பவர்கள் கணக்கோடு தினமும் வாழத் தயாராக இருக்க வேண்டும். அதில் சமாதானம் கிடையாது. கணினி அறிவியலைப் பற்றித்தான் பெற்றோரிடம் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. "கணக்கு வராது, அதனால கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க" என்பார்கள். பல இடங்களில் அங்கேயும் கணிதம் அல்லது புள்ளியியல் அலைடு உண்டு. அது போக, புரோகிராம் எழுதுவதற்கு வேண்டிய படிப்படியான யோசனையும் கணக்குப் போடுவதற்கு வேண்டிய யோசனையும் நெருங்கிய சொந்தம்.

அப்புறம் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்த்தொழில்நுட்பம். இங்கே வருவது பெரும்பாலும் உயிர்ப்புள்ளியியல், அதாவது உயிரியல் ஆய்வில் கிடைக்கும் எண்களை அலசும் புள்ளியியல். பெயரைக் கேட்டே பயப்படுகிறார்கள். அதில் வரும் கை-ஸ்கொயர் சோதனைக்கு, மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டலின் பட்டாணியையே எடுத்துக்கொள்வோம். அவர் எண்ணிய விதைகளில் உருண்டையானவை 5,474, சுருங்கியவை 1,850. மொத்தம் 7,324. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதப்படி 5,493-ம் 1,831-ம் வந்திருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வித்தியாசம் 19. அதன் வர்க்கம் 361. அதை 5,493-ஆல் வகுத்தால் 0.066, 1,831-ஆல் வகுத்தால் 0.197. கூட்டினால் 0.26 சொச்சம். இந்தச் சோதனைக்கான புள்ளியியல் அட்டவணையில் உள்ள எல்லை 3.84. அதற்கு வெகு கீழே இருப்பதால், இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாம், மூன்றுக்கு ஒன்று என்பதைக் கைவிடத் தேவையில்லை என்று முடிவு செய்கிறோம். கை-ஸ்கொயர் சோதனை என்பது இவ்வளவுதான். கழித்தல், பெருக்கல், வகுத்தல், கூட்டல். இதில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய கணக்கு ஒன்றுமே இல்லை. விடை என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வதுதான் கஷ்டம், அதற்கு உயிரியல் தெரிந்தவன்தான் வேண்டும்.

நர்சிங், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கணக்கு குறைவு, ஆனால் தப்பவே கூடாது. 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். மொத்தம் 10,000 சொட்டு, 240 நிமிடம், ஆக நிமிடத்துக்குச் சுமார் 42. எண் சின்னதுதான், எதிரே படுத்திருப்பது ஒரு மனிதர். விகிதக் கணக்கில் தடுமாறும் பிள்ளை அதைச் சரிசெய்துகொண்ட பிறகுதான் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

கல்லூரியைத் தாண்டியும் கணக்கு வரும். ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் உயிரியல் மாணவர் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) தேர்வில் எல்லாத் துறைக்கும் பொதுவான முதல் பகுதி ஒன்று உண்டு. 20 கேள்வியில் 15-க்கு விடையளிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். எல்லாம் விகிதம், சதவீதம், வேலை-நேரம், வரைபடம் என்று பள்ளிக் கணக்குதான். தொகையிடல் தெரியாவிட்டால் இங்கே ஒரு நஷ்டமும் இல்லை.

அதே சமயம், கணக்கு பயத்தால் பிடித்த அறிவியலையே விட்டுவிடுவதும் எனக்கு ஒப்புதல் இல்லை. எறும்புகளைப் பற்றிய ஆய்வால் உலகப் புகழ் பெற்ற ஈ. ஓ. வில்சன், ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியராக ஆன பிறகு, தன் 32-ஆம் வயதில்தான் நுண்கணித வகுப்பில் போய் உட்கார்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தேவை வந்தபோது கற்றுக்கொண்டார். பிடித்த பாடத்துக்காகக் கற்கும் கணக்கு, பரீட்சைக்காகக் கற்பதைவிடச் சீக்கிரம் மனதில் ஏறுவதை என் மாணவர்களிடமும் பார்க்கிறேன்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை போடும் முன்பு, அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்து ஆறு செமஸ்டரையும் வரிசையாகப் பாருங்கள். அலைடு என்ற பெயர் சில இடங்களில் எலெக்டிவ் என்று மாறியிருக்கிறது, கவனியுங்கள். கணிதம், புள்ளியியல் எத்தனை தாள், கட்டாயமா, மாற்று உண்டா என்று துறையில் நேரில் கேளுங்கள். சீனியர் யாராவது இருந்தால் "எந்தத் தாள்ல நிறைய பேருக்கு அரியர்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்தக் கையேட்டிலும் இருக்காது. பிரிட்ஜ் கோர்ஸ் (கல்லூரிப் பாடத்துக்குத் தயார்படுத்தும் அறிமுக வகுப்பு) நடக்கிறதா, பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்கு சொல்லித் தருகிறார்களா என்பதையும் விசாரியுங்கள். ரிசல்ட் வந்ததற்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கும் வாரங்களில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, பின்னம், விகிதம், அடுக்கு, பிறகு மடக்கை அட்டவணை பார்ப்பது என்று தினம் கொஞ்சம் போட்டுப் பார்த்தால் போதும்.

ஏற்கெனவே அலைடு கணிதத்தில் அரியர் வைத்திருப்பவர்கள் அதை மூன்றாம் ஆண்டு வரை தள்ளாதீர்கள். பாடம் நடத்திய ஆசிரியர் அதே கட்டடத்தில் இருக்கும்போதே, அடுத்த தேர்விலேயே எழுதிவிடுங்கள். பழைய கேள்வித்தாள்களை வாங்கி, திரும்பத் திரும்ப வரும் இரண்டு அலகுகளை முதலில் பிடியுங்கள். பெரும்பாலும் அணிகளில் தொடங்குவது எளிது. கணிதத் துறைக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் துறை ஆசிரியரிடம் சொல்லுங்கள், கூடவே வந்து பேசி ஏற்பாடு செய்து தருவார்.