பந்தைப் பிடித்தவரிடம் வரி கேட்கலாமா?

2024 செப்டெம்பரில் மயாமியில் பேஸ்போல் வீரர் ஷோஹெய் ஒட்டானி அடித்த ஒரு ஹோம் ரன் பந்து (எங்கள் சிக்ஸர் மாதிரிப் பார்வையாளர் பகுதிக்குப் போகிற அடி, அங்கே பந்து பிடித்தவருக்கே), அடுத்த மாதமே ஏலத்தில் கிட்டத்தட்ட 44 இலட்சம் டொலருக்குப் போனது. ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன்னும் அடித்து, 50 தடவை பேஸும் திருடிய (அடி விழாமலே அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்ந்த) முதல் ஆள் அவர். அந்த 50ஆவது அடியின் பந்துதான் இது. பேஸ்போல் என்றால் என்னவென்று தெரியாத யாழ்ப்பாணத்திலும் அந்தச் செய்தி சுற்றியது, விலைக்காக. வரிக் கணக்குப் பார்க்கும் என்னிடம் அது ஒரு கேள்வியாக வந்து சேர்ந்தது. நிலையான வைப்பின் வட்டியில் பாங்க் பிடித்த வரியைப் பற்றிக் கதைக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் நியூ ஜேர்சியில் இருப்பவர், எழும்பும்போது கேட்டார்: "தம்பி, அங்க பந்தைப் பிடிச்ச உடனேயே வரி கட்டோணுமாம். விக்காட்டிலும் கட்டோணுமாம். மெய்யே?"

முழுக்க மெய்யுமில்லை, முழுக்கப் பொய்யுமில்லை. அமெரிக்க வரிச் சட்டம் கண்டெடுத்த பொருளையும் வருமானமாகத்தான் பார்க்கிறது. பழைய பியானோ ஒன்றை வாங்கிய ஒரு தம்பதிக்கு, சில வருடம் கழித்து அதற்குள்ளிருந்து 4,467 டொலர் காசு கிடைத்தது. அதற்கு வருமான வரி உண்டு என்று 1969இல் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒழுங்குவிதியும் அதே பாதையில்தான் போகிறது: கண்டெடுத்த செல்வம், வேறெவரும் உரிமை கோராமல் உங்கள் கைக்கு வந்த ஆண்டில், அன்றைய பெறுமதிக்கு வரி. இதை எழுத்துக்கு எழுத்து வாசித்தால், பந்தைப் பிடித்தவர் வீட்டுக்குப் போக முன்னரே வரிகாரர் ஆகிவிடுவார்.

1998இல் இது உண்மையாகவே தலைவலியானது. மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன் என்ற பழைய சாதனையை முறிக்கப் போகிற நேரம். அந்தப் பந்தைப் பிடிப்பவர் அதை மக்வயரிடமே திருப்பிக் கொடுத்தால் அன்பளிப்பு வரி வரலாம் என்று வரித் திணைக்களப் பேச்சாளர் ஒருவர் சொல்லிவிட்டார். நல்ல மனதோடு கொடுப்பவனுக்கும் வரியா என்று ஊரே கேட்டது. ஆணையாளர் சார்ள்ஸ் ரொசொட்டி அவசரமாக அறிக்கை விட்டார். உடனே திருப்பிக் கொடுத்தால் வரியில்லை, வேண்டாமென்று பரிசை மறுப்பதைப் போலத்தான் அது என்றார். விற்றால் கதை வேறாகலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். விற்காமல் வீட்டு அலுமாரியில் வைத்திருப்பவரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆசிரியரின் மகன் கேள்விப்பட்டது இந்த இடைவெளியைத்தான். இந்த இடைவெளி சும்மா இருக்கவில்லை. 2007இல் வாழ்நாள் சாதனையை முறித்த பரி பொண்ட்ஸின் 756ஆவது ஹோம் ரன் பந்தைப் பிடித்த இளைஞர், வைத்திருந்தாலே வரி வரும் என்ற பயத்தில்தான் விற்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றார். விலை 7,52,467 டொலர்.

பிடித்த நாளிலேயே வரி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. காசு வராத இடத்தில் வரி கேட்டால், வரி கட்டுவதற்காகவே பொருளை விற்க வேண்டி வரும். வசதியுள்ளவன் வைத்திருப்பான், இல்லாதவன் விற்றுத்தான் ஆகவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பெறுமதி. மக்வயர் அந்தப் பருவத்தில் அடித்த 70ஆவது ஹோம் ரன் பந்தை 1999இல் டொட் மக்பார்லேன் என்ற சித்திரக்கதைக் கலைஞர் கிட்டத்தட்ட 30 இலட்சம் டொலருக்கு வாங்கினார். மூன்று வருடத்துக்குள் பொண்ட்ஸ் ஒரே பருவத்தில் 73 அடித்து அந்தச் சாதனையை முறித்தார். அந்தப் புதிய பந்தையும் 2003இல் அதே மக்பார்லேன்தான் வாங்கினார், 4,50,000 டொலருக்கு. சாதனை பெரிது, விலை ஆறிலொரு பங்குகூட இல்லை. பிறகு 2010இல் மக்வயர் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். இப்படி ஏறி இறங்குகிற சாமானுக்கு, பிடித்த அன்று எந்த விலையைப் படிவத்தில் எழுதுவது? 1998இல் அமெரிக்காவின் உச்ச வரிவீதம் 39.6 சதவீதம். 30 இலட்சத்துக்கு அந்த வீதத்தில் கணக்குப் பாருங்கள். சம்பளத்தில் வாழும் ஒருவர் அவ்வளவு காசுக்கு எங்கே போவார்?

அந்த 73ஆவது பந்துக்கு இன்னொரு கதையும் உண்டு. ஒருவரின் கையுறைக்குள் விழுந்தது, சனம் நெருக்கித் தள்ளியதில் நழுவியது, வேறொருவர் எடுத்தார். வழக்கு 2002 வரை போனது. இருவருக்கும் சம உரிமை, விற்றுப் பாதி பாதியாகப் பிரியுங்கள் என்றார் நீதிபதி. சட்டத்தரணிகளின் செலவைக் கழித்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்று எங்கள் ஊரில் காணி வழக்குப் பேசியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒட்டானியின் பந்துக்கும் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். உரிமையே தீராத பொருளுக்கு வரி யாரிடம் கேட்பது?

திருப்பிக் கொடுத்தவருக்கும் நிம்மதி இல்லை. 2011இல் டெரெக் ஜீட்டர் என்ற வீரரின் வாழ்நாளின் 3000ஆவது ஹிட் (வெற்றிகரமான அடி) ஒரு ஹோம் ரன்னாகப் பார்வையாளர் பகுதியில் விழுந்தது. பிடித்த இளைஞர் ஒரு சதமும் கேட்காமல் பந்தைக் கொடுத்தார். கழகம் மகிழ்ந்து விலையுயர்ந்த இருக்கைகளுக்கான ரிக்கெட்டும் கையெழுத்திட்ட மட்டைகளும் கொடுத்தது. அவற்றுக்கு வரி வரும் என்று பத்திரிகைகள் எழுத, கடைசியில் ஒரு பியர் நிறுவனம் அந்த வரியைத் தான் தருவதாக முன்வந்தது. இந்த இடத்தில் நான் வரிக்காரர் பக்கம்தான். ரிக்கெட்டுக்கு விலை அச்சிட்டே இருக்கிறது.

சரி, எங்கள் பக்கம் வருவோம். கிரிக்கெட்டில் இந்தப் பிரச்சினை அதிகம் எழாததற்குக் காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பந்து பழசாவதும் ஆட்டத்தின் பகுதி. தொலைந்தால் அதே அளவு தேய்ந்த பந்தைத் தேடித்தான் மாற்ற வேண்டும். அதனால் சிக்ஸர் போன பந்தைத் திருப்பி எறிவது எங்களுக்குப் பழகிவிட்டது. யாழ்ப்பாணத்து இரண்டு பள்ளிக்கூடங்கள் மோதும் வடக்கின் பெரும் சமரில் சென்றல் மைதானத்து மதிலுக்கு வெளியே பந்து போனாலும், ஓடிப்போய் எடுத்த பெடியன் உள்ளே எறிந்துவிட்டுத்தான் விசிலடிப்பான். விலை போவது பெரும்பாலும் மட்டை. 2011 உலகக் கிண்ண இறுதியில் நுவன் குலசேகரவின் பந்தை டோனி சிக்ஸர் அடித்து முடித்த அந்த மட்டை, அதே ஆண்டு லண்டனில் ஒரு இலட்சம் பவுண்ஸுக்கு ஏலம் போனது. எங்களுக்கு அந்தச் சிக்ஸரை நினைக்கவே விருப்பமில்லை, அது வேறு விசயம்.

ஆனால் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கியாயிற்று. நியூசிலாந்திலும் தென்னாபிரிக்காவிலும் பார்வையாளர் ஒரு கையால் சிக்ஸரைப் பிடித்தால் அனுசரணையாளர் பெருந்தொகை தரும் போட்டி நடத்தியிருக்கிறார்கள். நாளைக்கு இங்கேயும் யாராவது நடத்தலாம். இப்போதே தெரிந்து வைத்திருந்தால் நல்லது.

எங்கள் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைப் போல எல்லாவற்றையும் அள்ளிக் கட்டுவதில்லை. தொழில், வியாபாரம், முதலீடு, ஏனையவை என்று நான்கு வழியாக வருமானத்தைப் பார்க்கிறது. 'ஏனையவை' என்ற பகுதியில், தற்செயலாக வந்து திரும்பவும் வராத இலாபம் சேராது என்று சட்டமே சொல்கிறது. சிக்ஸர் பந்து மடியில் விழுவதைவிடத் தற்செயல் வேறென்ன? சரி, விற்றால்? மூலதன ஆதாய வரிக்குள் காணி, கட்டடம், பங்கு, நிதிச் சொத்து போன்றவைதான் வருகின்றன. பந்தும் மட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பிடித்தவர் ஒரேயொரு தடவை விற்றால், என் வாசிப்பில், அந்தக் காசு வரிக்கு வெளியே நிற்கிறது. விடிய எழும்பிப் பனங்காணிக்குள் விழுந்த பழத்தைப் பொறுக்கியவரிடம் யாரும் வரி கேட்பதில்லை. ஊர்ப் பழமெல்லாம் வாங்கிப் பினாட்டுப் போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவரின் கணக்கு வேறு.

அந்த வேறு கணக்கில்தான் என்னிடம் வருகிறவர்கள் இடறுகிறார்கள். கையெழுத்திட்ட மட்டை, பழைய அணிச் சட்டை, முத்திரை, நாணயம் என்று வாங்கி முகநூலில் விற்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். "அண்ணை, இது பொழுதுபோக்குத்தானே" என்பார்கள். வாங்கும்போதே விற்கிற எண்ணம் இருந்தால் அது வியாபாரம். 'ஒருக்கால்தானே வித்தனான்' என்பதும் உதவாது. வியாபாரத் தன்மையுள்ள தனியொரு கொடுக்கல் வாங்கலும், எவ்வளவு குறுகிய காலமானாலும், வியாபாரத்துக்குள் அடங்கும் என்று அதே சட்டம் வரைவிலக்கணம் சொல்கிறது. பிடித்தவருக்கும் வாங்கி விற்பவருக்கும் நடுவில் உள்ள கோடு அதுதான். அனுசரணையாளர் தரும் காசு இன்னொரு வகை. அதிர்ஷ்டலாபச் சீட்டு, வெகுமதி, பந்தயம் போன்றவற்றில் வெல்லும் பணத்தில், கொடுப்பவரே 14 சதவீதம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தர ஏற்பாடு இருக்கிறது. ஒரு கைப் பிடிக்குக் கிடைக்கும் பரிசும் அதற்குள் வரும் என்றே நினைக்கிறேன்.

இருக்கிற சட்டம் இது. இப்படியே இருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். மாதம் 2 இலட்சம் எடுக்கும் ஒருவர், வருடத்துக்கு 18 இலட்சம் விலக்குப் போக, மிச்ச 6 இலட்சத்துக்கு 6 சதவீதப்படி 36,000 ரூபாய் கட்டுகிறார். கோடிக்கணக்கில் விலைபோன பந்தை விற்றவர் ஒன்றும் கட்டாமல் போவது அவருக்கு எப்படி இருக்கும்? விற்றுக் காசு கையில் வந்த பிறகு வரி கேட்கலாம். சின்ன விற்பனைகளை விட்டுவிட வேண்டும். பிரித்தானியாவில் 6,000 பவுண்ஸ் வரை விலைபோகும் தட்டுமுட்டுச் சாமானுக்கு மூலதன ஆதாய வரியில்லை. அப்படியொரு எல்லை இங்கும் போதும். வீட்டுக்குள் வந்து அலுமாரியைத் திறந்து விலை போடுகிற வரி மட்டும் வேண்டாம். 1995 இடப்பெயர்வில் பெட்டிக்குள் திணித்துக் கொண்டுபோன அப்பாவின் பரிசுக் கிண்ணத்துக்கு எந்தப் பற்றுச்சீட்டைக் காட்டுவது?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான். கனடாவில் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் பணத்துக்கு வரியில்லை, ஆனால் பிடித்த பந்தைப் பிறகு விற்று ஆதாயம் எடுத்தால் அது தனிக் கேள்வி. 2022இல் ஆரன் ஜட்ஜின் 61ஆவது ஹோம் ரன் ரொறன்ரோவில்தான் விழுந்தது. முன் வரிசையில் எட்டிப் பார்த்தவர்களுக்குக் கை எட்டவில்லை, இல்லாவிட்டால் அங்கேயே ஒரு கணக்காளருக்கு வேலை கிடைத்திருக்கும்.

வெளிநாட்டில் பந்து விற்ற பணத்தை ஊருக்கு, அப்பா அம்மாவின் கணக்குக்கு அனுப்பினால் பாங்க் கேள்வி கேட்கும். பின்னொரு நாளில் திணைக்களமும் கேட்கலாம். 'பந்து வித்த காசு' என்று வாயால் சொல்லி அலுவல் நடக்காது. மட்ச் பார்த்த ரிக்கெட், பிடித்ததைக் காட்டும் வீடியோ, ஏல நிறுவனத்தின் விலைப்பட்டியல், அவர்கள் கழித்த தரகு, அங்கே வரி கட்டியிருந்தால் அதன் பத்திரம், எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். ரிக்கெட்டின் மை கொஞ்ச நாளில் அழிந்துவிடும், அதை முதலில் படம் எடுங்கள்.