இன்டரப்ட் அஃபினிட்டி – குறுக்கீட்டுச் சார்பு

சர்வர்களைப் பராமரிப்பவர்களிடையே தினமும் புழங்கும் சொல் இது. ‘டிஸ்க் இழுக்குதே, ஐஆர்க்யூ அஃபினிட்டியப் பாத்தியா?’ என்று கேட்பார்கள். (ஐஆர்க்யூ என்றால் குறுக்கீட்டுக் கோரிக்கை.) ஒரு கருவி எழுப்பும் குறுக்கீட்டை சிபியுவின் எந்தெந்த கோர்கள் (கணிக்கும் அலகுகள்) ஏற்கலாம் என்ற வரையறைதான் இன்டரப்ட் அஃபினிட்டி. (ப்ராசசருக்குச் ‘செயலி’ என்று எழுதியிருப்பேன். ஆனால் அந்தச் சொல்லைக் கைப்பேசி ஆப்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அதனால் இங்கே கோர், சிபியு என்றே வைத்துக்கொள்கிறேன்.)

இதைத் தமிழாக்கும்போது சொல்லின் முதல் பாதியில் பெரிய வழக்கு இல்லை. எஸ்எஸ்டி வட்டு, தன்னிடம் கேட்ட தரவைப் படித்து முடித்ததும் சிபியுவைத் தட்டிக் கூப்பிடுகிறது. சிபியு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி, டிரைவரின் (கருவியை இயக்கும் மென்பொருளின்) சிறு நிரல்துண்டை ஓட்டிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. இன்டரப்ட் என்ற சொல் லத்தீனில் ‘இடையில் உடைத்தல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. தமிழில் ‘குறுக்கீடு’, ‘இடைமறிப்பு’ இரண்டும் எழுதப்படுகின்றன. இடைமறிப்பு என்றால் வழியில் போவதைத் தடுத்துப் பிடிப்பது என்ற வாடை வருகிறது. குறுக்கிட்டவர் பேசி முடித்ததும் பழைய பேச்சு தொடரும் என்பதால் குறுக்கீடே பொருத்தம். இயற்பியல் பாடத்தில் ஒளியின் குறுக்கீட்டு விளைவு என்று வேறொன்று இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பக்கத்தில் வர வாய்ப்பு குறைவு.

சிக்கல் அஃபினிட்டியில்தான். லத்தீனில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை. ‘அஃபினிஸ்’ என்றால் எல்லையை ஒட்டியவர், பக்கத்து நிலத்துக்காரர். அங்கிருந்து மணவழி உறவினரையும் குறிக்கலானது, அதாவது நம்மூர்க் கொண்டான் கொடுத்தான். ஆங்கிலச் சட்டமொழியில் இன்றைக்கும் இரத்த உறவிலிருந்து மணவழி உறவைப் பிரித்துச் சொல்ல அஃபினிட்டிதான் பயன்படுகிறது. வேதியியலாளர்கள் இதை எடுத்து, ஒரு பொருள் இன்னொன்றோடு சேரத் துடிக்கும் போக்குக்கு வைத்தார்கள். அதைத்தான் தமிழ்நாட்டுப் பாடநூல் எலக்ட்ரான் நாட்டம் என்கிறது, இலங்கைப் பாடநூல் இலத்திரன் நாட்டம் என்கிறது. அங்கே அது அழகான சொல்.

அதே நாட்டத்தைக் கணினிக்குத் தூக்கிவந்து ‘குறுக்கீட்டு நாட்டம்’ என்றால் ஒட்டவில்லை. குறுக்கீட்டுக்கு எந்த கோர் மீதும் ஆசை கிடையாது. எங்கே போக வேண்டும் என்பதை வெளியிலிருந்து ஒருவர் எழுதிவைக்கிறார். லினக்ஸ் இயங்குதளத்தில் 2.4 பதிப்பின் காலத்திலிருந்து ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் எஸ்எம்பி அஃபினிட்டி என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் ஒரு கோருக்கு ஒரு பிட். 0-ஆம் கோரின் மதிப்பு 1, அடுத்தடுத்த கோர்களுக்கு 2, 4, 8. 3 என்று எழுதினால் 0, 1 ஆகிய இரண்டு கோர்கள் மட்டும். 8 என்றால் 3-ஆம் கோர் மட்டும்.

சேமிப்புக் கருவிகளில் இது ஏன் இவ்வளவு முக்கியமானது? பழைய சாட்டா வட்டுகளின் ஏஎச்சிஐ முறையில் ஒரு வட்டுக்கு ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். எந்த கோர் கேட்டாலும் பதில் ஒரே வாசல் வழியாகத்தான் வரும். வட்டே மெதுவானது என்பதால் யாரும் கவலைப்படவில்லை. 2011-இல் வேகமான எஸ்எஸ்டிகளுக்கான என்விஎம்இ 1.0 நெறிமுறை வந்தது. அதில் கிட்டத்தட்ட 64 ஆயிரம் வரிசைகள் வரை வைத்துக்கொள்ளலாம். எம்எஸ்ஐ-எக்ஸ் என்ற குறுக்கீட்டு முறையில் ஒரே கருவிக்கு 2048 தனித்தனிக் குறுக்கீடுகள் வரை கிடைக்கும். 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13, இதற்கேற்ற பல்வரிசை முறையைக் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) கொண்டுவந்தது. இனி கோருக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு குறுக்கீடு. 5-ஆம் கோர் தன் வரிசையில் கட்டளை போடுகிறது, வேலை முடிந்த செய்தியும் 5-ஆம் கோருக்கே வருகிறது. அந்தக் கோரிக்கையின் விவரங்கள் ஏற்கெனவே அதன் கேச்சில் (கோருக்குப் பக்கத்திலுள்ள வேக நினைவகத்தில்) சூடாக இருக்கும். பதில் வேறு சாக்கெட்டில், அதாவது வேறு சிபியு சில்லில், உள்ள கோருக்குப் போய்விட்டால், 64 பைட் கேச் வரிகள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் இழுபட வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கான கோரிக்கைகள் ஓடும் வட்டில் இந்தச் செலவு நன்றாகவே தெரியும்.

ஆக, இங்கே சுமையைச் சமமாகப் பரப்புவதைவிடக் கேட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பதில் வந்து சேர்வது பெரிது. ஐஆர்க்யூ பேலன்ஸ் என்ற பின்னணி நிரலின் பெயரே பலரைத் திசைதிருப்பிவிடுகிறது. அது 10 நொடிக்கு ஒருமுறை சுமையைப் பார்த்துக் குறுக்கீடுகளை இடம் மாற்றும். பல்வரிசை வட்டுக்கு அந்த உதவி உபத்திரவம்தான்.

என்விஎம்இ உள்ள நான்கு கோர் லினக்ஸ் மடிக்கணினி இருந்தால், ப்ராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். குறுக்கீட்டுக்கு ஒரு வரி, கோருக்கு ஒரு பத்தி. என்விஎம்இ0க்யூ1 வரியில் ஒரு கோரின் கீழ் மட்டும் பெரிய எண், மற்றவை பூஜ்யம். க்யூ2-இல் வேறொரு கோர். எண்கள் பெரும்பாலும் படிக்கட்டுபோல மூலைவாட்டில் இறங்கும். க்யூ0 மட்டும் நிர்வாகக் கட்டளைகளுக்கான வரிசை, அதில் எண்ணிக்கை சொற்பம்.

அப்புறம் க்யூ1-இன் எஸ்எம்பி அஃபினிட்டி கோப்பில் ரூட்டாகவே (முழு அதிகாரமுள்ள பயனராகவே) வேறு எண் எழுதிப் பாருங்கள். பல கெர்னல்களில் இன்புட்/அவுட்புட் எரர் என்று திருப்பி அனுப்பும். வட்டு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். 2016 வாக்கில் கிறிஸ்டோஃப் ஹெல்விக், தாமஸ் கிளைக்ஸ்னர் ஆகியோர் கொண்டுவந்த ‘மேனேஜ்டு’ குறுக்கீடு இது. அதற்கு முன் ஒவ்வொரு டிரைவரும் தன் மனம்போனபடி குறுக்கீடுகளைப் பிரித்துக்கொண்டது. இப்போது ‘நீயே பரப்பிக்கொடு’ என்று டிரைவர் ஒரு கொடியை மட்டும் காட்டுகிறது, மீதி கெர்னல் பொறுப்பு. பயனரோ ஐஆர்க்யூ பேலன்ஸோ தொட முடியாது. ஒரு வரிசைக்குரிய கடைசி கோரையும் அணைத்துவிட்டால், அந்தக் குறுக்கீடு வேறிடம் குடிபெயராமல் மூடப்படும், கோர் திரும்ப வந்தால் மறுபடி திறக்கும். கையைக் கட்டிப்போடுகிறார்களே என்று புலம்புபவர்கள் உண்டு. என் கணக்கில் இது நல்ல முடிவு. எங்கோ படித்த ட்யூனிங் வரிகளை ஒட்டிப் படிக்கட்டைக் குலைப்பவர்களே அதிகம்.

நாட்டம் தோற்கும் இடமும் இதுதான். கெர்னல் விதித்ததை மாற்றவே முடியாதபோது யாருடைய நாட்டம்? ‘பிணைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒரே கோரோடு கட்டிவைக்கும் பின்னிங்குக்குச் சரி. அஃபினிட்டியில் பல கோர்கள் இருக்கலாம், அதில் எதுவும் ஏற்கலாம். ‘ஒதுக்கீடு’ பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பது என்ற மூலப்பொருள் அதில் இல்லை.

எனக்குப் பிடித்தது ‘சார்பு’. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சார்தல்தான். ஒட்டியிருத்தல், பக்கத்து நிலம் – லத்தீன் அஃபினிஸ் தொடங்கிய அதே இடம். சார்ந்தவர் என்றால் உறவினரையும் குறிக்கும். ‘இந்தக் குறுக்கீட்டின் சார்பு 0 முதல் 3 வரையுள்ள கோர்கள்’ என்று எழுதினால் இடறாமல் படிக்க முடிகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘உறவுகளும் சார்புகளும்’ இருக்கிறதே என்றால், ஆமாம், அங்கே சார்பு என்பது ஃபங்ஷன். அதனால் தனியாக விடாமல் குறுக்கீட்டுச் சார்பு என்று முழுதாக எழுதுவது நல்லது. அந்தக் கோப்பில் எழுதும் பிட் எண்ணான மாஸ்க் என்பதை முகமூடி ஆக்காமல் சார்புப் பட்டியல் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு சொல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: எஃபெக்டிவ் அஃபினிட்டி. 32 கோர், 8 வரிசை என்றால் ஒரு வரிசைக்கு நான்கு கோர்கள் சார்பாக அமையும். ஆனால் இன்றைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) லினக்ஸில் அந்த நான்கில் ஒன்றுக்குத்தான் குறுக்கீடு உண்மையில் போகும். அதற்கு ‘நடப்புச் சார்பு’ எனலாம். நான்கு கோர்கள் கட்டளைகளைக் கொட்ட, ஒரே கோர் எல்லாப் பதில்களையும் அள்ள வேண்டியிருக்கும். பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு கார்டுகளில் வரிசைகள் குறைவாக இருந்தால், அந்த ஒரு கோர் மூச்சுத்திணறி, கோர் நெடுநேரம் சிக்கிக்கொண்டது என்ற சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கைகூட வரலாம். சார்புப் பட்டியலில் நான்கு கோர்கள் தெரிகின்றனவே என்று நிம்மதியாகிவிடாமல், எஃபெக்டிவ் அஃபினிட்டி கோப்பையும் திறந்து பார்த்துவிடுங்கள்.