மாசு: தங்கத்தில் ஒன்று, குவாண்டம் கணக்கில் வேறொன்று

காரைக்குடி நகைப் பட்டறையில் செம்பை யாரும் மாசு என்பதில்லை. "கலப்பு இல்லாட்டி கல்லு நிக்காது தம்பி" என்பார் ஆசாரி. 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மிச்சம் தெரிந்தே சேர்த்தது. தெரியாமல் ஒட்டிக்கொண்டு வருவதுதான் மாசு. கோவலன் கண்ணகியை ‘மாசறு பொன்னே’ என்றதும் அந்தப் பொருளில்தான்.

குவாண்டம் இயற்பியலின் இந்தச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இங்கே கேள்வி. இயற்பியலின் ‘இம்ப்யூரிட்டி’, தூய என்று பொருள்படும் ‘பூருஸ்’ என்ற லத்தீன் சொல்லின் எதிர்மறை. பாடநூல்கள் அதை மாசு என்றே எடுத்துக்கொண்டன. குறைகடத்தியில் வேறு அணுவைச் சேர்ப்பது மாசூட்டல். தெரிந்தே சேர்ப்பதற்கு இந்தப் பெயரா என்று ஆசாரி சண்டைக்கு வருவார். ஆனால் சொல் நிலைத்துவிட்டது.

குவாண்டம் மாசின் கதையும் தங்கத்தில்தான் தொடங்குகிறது. 1934-இல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வகத்தில் தங்கத்தைக் குளிர்விக்கக் குளிர்விக்க மின்தடை இறங்கி வந்து, ஒரு கட்டத்தில் திரும்ப ஏறியது. உள்ளே கிடக்கும் இரும்பு போன்ற காந்த அணுக்களின் தற்சுழற்சியில் (ஸ்பின்) எலக்ட்ரான்கள் பட்டுச் சிதறுவதுதான் காரணம் என்று 1964-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஜுன் கோண்டோ காட்டினார். ஆசாரி சேர்க்கும் செம்புக்குக் காந்தத்தன்மை கிடையாது. எவ்வளவு சேர்த்தாலும் இந்த வேலையைச் செய்யாது. இரும்பு துளி போதும்.

வெப்பநிலை மேலும் இறங்கினால் கோண்டோவின் சூத்திரம் கைவிரித்துவிடும். அமெரிக்க இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1975-இல் எலக்ட்ரான் கூட்டத்தை ஆற்றல்வாரியாக மடக்கை அளவில் கூறுபோட்டு, மாசை முதல் கண்ணியாக வைத்துச் சங்கிலியாகக் கோத்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் நான்கு நிலைகள்: காலி, மேல் சுழற்சி, கீழ் சுழற்சி, இரண்டும். 50 கண்ணி என்றால் மொத்த நிலைகள் 31 இலக்க எண். எந்தக் கணினி தாங்கும்?

இங்கேதான் டென்சர் வலை கைகொடுக்கிறது. அந்தப் பூதாகரமான பட்டியலை எழுதாமல் கண்ணிக்கொரு சிறு எண் அட்டவணை (அதுதான் டென்சர்) வைத்து, பக்கத்து அட்டவணையோடு பெருக்கி இணைக்கிறார்கள். சங்கிலியை எங்கே வெட்டினாலும் இரு பாதிகளுக்கும் இடையிலான குவாண்டம் பின்னலில் கனமானதை வைத்துக்கொண்டு அற்பமானதை உதறிவிடலாம். இயற்பியலாளர் ஸ்டீவன் ஒயிட் 1992-இல் தந்த முறையின் உயிர் இதுதான். இப்படி எழுதிய நிலைக்கு ‘அணிப் பெருக்க நிலை’ என்பது பொருத்தமான பெயர்; அணி என்பது கணக்கில் மேட்ரிக்ஸ். அணி என்றால் செட்டிநாட்டில் முதலில் நகைதான் நினைவுக்கு வரும், அதனால் என்ன!

‘டென்சர்’ இழுத்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இன்றைய பொருளில் அதை 1898-இல் பயன்படுத்தியவர் படிக இயற்பியலாளர் வோல்டெமார் ஃபோக்ட். இந்தக் கணக்கில் இழுப்பதற்கு எதுவும் இல்லை. வேரைப் பிடித்து ‘இழுவம்’ என்று ஆக்கினால் குழப்பமே மிஞ்சும். வெக்டர் இருக்கிற வீட்டில் டென்சரும் இருக்கட்டும்.

மாசு என்ற சொல்லுக்குத்தான் உண்மையான சோதனை. 1992-இல் இயற்பியலாளர்கள் ஜார்ஜும் கோட்லியாரும் முன்வைத்த வழியில், துளிக் கலப்பும் இல்லாத படிகத்திலேயே ஓர் அணுவைப் பிரித்தெடுத்து மாசாகக் கணக்கிடுகிறார்கள். அது அழுக்கும் அல்ல, அயலும் அல்ல. எனவே ‘அசுத்தம்’, ‘தூய்மைக்கேடு’, ‘வேற்றணு’ மூன்றும் இங்கே உதவாது. ‘மாசுத்தளம்’ என்பதே என் தேர்வு. அதைச் சூழ்ந்த எலக்ட்ரான் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘பாத்’ என்பார்கள். அதைக் ‘குளியல்’ ஆக்காமல் சூழல் என்று எழுதலாம்.