‘வரைவு’ வேண்டாம், ‘வரிசைத்தெரிவு’ போதும்

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜூலியன் எடெல்மனைப் பற்றிய ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தமிழ் வரிகள் ஓடின: “2009இல் பேட்ரியட்ஸ் அணி இவரை இறுதிச் சுற்றில் வரைவு செய்தது.” பக்கத்தில் இருந்த என் தங்கை மகன் கேட்டான்: “வரைஞ்சாங்களா? எதுல மாமா?” அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்த வரியைப் படிக்கும் யாருக்கும் அதுதான் தோன்றும். இந்த ‘வரைவு’ என் கண்ணில் படுவது முதல் தடவையும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து பற்றித் தமிழில் எது வந்தாலும் இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. அணிகள் புது வீரர்களை முறை வைத்து எடுக்கும் ‘டிராஃப்ட்’ (draft) என்பதைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள்.

முதலில் டிராஃப்ட் என்ற சொல். ‘இழு’ என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்தது. வண்டி இழுக்கும் குதிரைக்கும், பீப்பாயிலிருந்து இறக்கும் பீருக்கும், கோடு இழுத்து எழுதும் முதல் படிக்கும் இதே சொல்தான். கூட்டத்திலிருந்து ஆட்களை இழுத்துப் பட்டாளத்தில் சேர்ப்பதற்கும் இதுவே பெயர். 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வந்த கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தை எதிர்த்து நியூயார்க்கில் பெரிய கலவரம் நடந்தது. விளையாட்டில் இந்தச் சொல் புழங்குவது ஆள் இழுக்கும் பொருளில்தான், கோடு இழுக்கும் பொருளில் அல்ல. அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டதால்தான் ‘வரைவு’ வந்தது.

அந்த முறை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தானாக வரும். 1930களில் பணம் படைத்த அணிகள் நல்ல கல்லூரி வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. தோற்றுக்கொண்டே இருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல், கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் ஆள் எடுக்கட்டும் என்று யோசனை சொன்னார். 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் 9 அணிகள் 9 சுற்றில் 81 பேரை எடுத்தன. இன்று 32 அணிகள், 7 சுற்றுகள். அடிப்படை மாறவில்லை. பின்தங்கியவருக்கு முதல் வாய்ப்பு, அவரவர் முறை வரும்போது ஒருவர்.

‘வரைவு’க்காக வாதாடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. பழந்தமிழ் நன்றாகப் படித்தவர். “வரைவு என்றால் சங்கத் தமிழில் மணம், தனக்கென்று ஒருவரைக் கொள்வது. மணந்துகொள்ளச் சொல்லித் தூண்டும் பாட்டுகளுக்கு வரைவு கடாதல் என்று துறையே இருக்கிறதே. குறளில் ‘வரைவின் மகளிர்’ என்று அதிகாரம் இருக்கிறதே. அணி ஒருவனைத் தனக்கென்று வரைந்துகொள்கிறது, இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?” என்பார். அவர் சொல்லும் பொருள் உண்மை, அழகும்கூட. ஆனால் அது இன்று வாசிக்கிறவரின் காதில் விழுவதில்லை. அவருக்கு வரைவு என்றால் சட்ட வரைவு, வரைவு வாக்காளர் பட்டியல், அதாவது இன்னும் முடிவாகாதது, திருத்தத்துக்கு உட்பட்டது. ‘வரைவு செய்யப்பட்ட வீரர்’ என்றால் அரைகுறையாக எழுதி வைத்த வீரர் என்றாகிவிடும். பழைய பொருளையே கொண்டாலும் ஒட்டாது. வரைவில் இரண்டு மனங்கள் உண்டு, தலைவியின் விருப்பமும் சேர்ந்தது அது. இங்கே வீரனுக்கு வாயே இல்லை. யார் எடுத்தார்களோ அவர்களோடு மட்டும்தான் அவன் பேரம் பேச முடியும். பழஞ்சொல்லுக்குப் புத்துயிர் கொடுப்பதில் எனக்கு ஆசை உண்டு. ஆனால் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் சொல்லை அங்கிருந்து பிடுங்கி வந்து நட்டால் இரண்டு இடத்திலும் குழப்பம்தான்.

இன்னொரு கட்சி ‘ஏலம்’ என்கிறது. இது ஐபிஎல் பார்த்துப் பழகியதால் வந்த பிழை, இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஏலத்தில் பணம் முடிவு செய்கிறது, டிராஃப்டில் முறை முடிவு செய்கிறது. இரண்டும் நேர் எதிர். யாரும் கையைத் தூக்கி விலை ஏற்றுவதில்லை. புது வீரனின் சம்பளமே அவன் எத்தனையாவதாக எடுக்கப்பட்டான் என்பதைப் பொறுத்துத்தான் அமைகிறது. இலங்கை வாசகர்களுக்கு இந்த வேறுபாடு நேரடியாகவே தெரியும். லங்கா பிரீமியர் லீக் 2020இல் டிராஃப்ட் முறையில்தான் ஆள் எடுத்தது, 2023இல் ஏலத்துக்கு மாறியது. இரண்டையும் ஏலம் என்பவர் இந்தச் செய்தியை எப்படி எழுதுவார்? ‘ஏலத்திலிருந்து ஏலத்துக்கு மாறியது’ என்றா?

‘ஆட்சேர்ப்பு’ சரிப்படாது, பள்ளி மாணவர்களைக் கல்லூரி அணிகள் தேடிப்போய்ச் சேர்ப்பதற்கு அது வேண்டும். பேச்சில் ‘டிராஃப்ட்’ என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. எழுத்தில் வந்தால் நம் ஆட்களுக்கு வங்கியில் எடுக்கும் டிராஃப்ட் குறுக்கே வரும்.

நம் தெருப் பிள்ளைகள் இதைத் தினமும் செய்கிறார்கள். சாயங்காலம் இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். டாஸ் ஜெயித்தவன் முதல் ஆளை எடுப்பான், அடுத்தவன் இரண்டாவதை, இப்படியே மாறி மாறி. அவர்கள் சொல்வது ‘ஆள் எடுக்கிறது’. உத்தி பிரித்தல் என்ற பழைய வழக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் மறைபெயர் வைத்துக்கொண்டு வந்து “தங்கம் வேணுமா, வெள்ளி வேணுமா” என்பார்கள். யார் வருவார் என்று தெரியாமல் எடுப்பது அது. இங்கே தெரிந்தே எடுக்கிறார்கள், அதனால் பொருந்தாது.

நான் எழுதுவது ‘வரிசைத்தெரிவு’. வரிசைதான் இதன் உயிர். ‘தேர்வு’ என்றால் பரீட்சை நினைவுக்கு வரும், ‘தெரிவு’ என்றால் வராது. இலங்கைத் தமிழில் ‘தெரிவுக்குழு’ அன்றாடச் சொல். அமெரிக்கர்களே இந்த நிகழ்வின் அதிகாரப்பூர்வப் பெயரில் டிராஃப்ட் என்று சொல்வதில்லை, ‘ஆண்டு வீரர் தெரிவுக் கூட்டம்’ என்பதுதான் அதன் பொருள். வினைக்கு ‘எடுத்தது’ போதும். எதற்கெடுத்தாலும் ஒரு பெயரைப் போட்டு ‘செய்தது’ சேர்க்கும் பழக்கத்தை மொழிபெயர்ப்பாளர்கள் விட வேண்டும்.

அந்த வரியில் இருந்த ‘இறுதிச் சுற்று’ம் தவறுதான். தமிழில் அது கோப்பைக்கான ஆட்டம். எடெல்மனை இறுதிச் சுற்றில் எடுத்தார்கள் என்றால் ஃபைனலில் களமிறக்கினார்கள் என்றுதான் படும். ‘பின்சுற்று’ என்றோ ‘7ஆவது சுற்று’ என்றோ எழுதலாமே. ஒவ்வொரு வருடமும் கடைசியாக எடுக்கப்படுபவருக்கு அங்கே ஒரு செல்லப் பெயர் உண்டு, மிஸ்டர் இர்ரெலவன்ட். அதைப் ‘பொருத்தமற்ற மனிதர்’ என்று எழுதியதைப் பார்த்து நொந்துபோனேன். தெருவில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று கேட்டு வளர்ந்தவருக்கு அது எப்படி நினைவுக்கு வராமல் போனது?

அப்புறம், எடெல்மனைப் போன்றவரை ‘பல்துறை வீரர்’ என்று எழுதுவது. எடெல்மன் இரண்டு துறையில் வல்லவர் அல்லர், ஒரே ஆட்டத்தில் பல இடங்களில் ஆடியவர். கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பந்தை எறியும் குவாட்டர்பேக். பேட்ரியட்ஸில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர், எதிரணி உதைத்த பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர், 2011இல் ஆள் போதாமல் தற்காப்பிலும் நின்றார். 2015 ஜனவரியில் ரேவன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் குவாட்டர்பேக் டாம் பிரேடி பந்தை அவர் பக்கம் தள்ளினார். ஓடப்போகிறார் என்று எதிரணி பாய்ந்தது. அவர் நின்று, கல்லூரியில் எறிந்த மாதிரியே எறிந்தார். 51 கெஜம், டச்டவுன், அதாவது எதிரணி எல்லைக்குள் பந்து போய்ப் புள்ளி கிடைத்தது. 2019 பிப்ரவரியில் கோப்பைக்கான ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. ‘எங்கே நிறுத்தினாலும் ஆடுகிறவர்’ என்றால் யாருக்கும் புரியும்.

அந்த வரியை என் தங்கை மகனுக்கு இப்படி மாற்றிச் சொன்னேன்: “2009 வரிசைத்தெரிவில், 7ஆவது சுற்றில், 232ஆவது ஆளாக பேட்ரியட்ஸ் இவரை எடுத்தது.” “அதுக்கு முன்னாடி 231 பேரா?” என்றான்.